அண்ணனுக்குக் கண் பிரஷர்... தம்பிக்கு?

திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் 27 கிராமங்கள். அங்கே நாற்பது வயதைத் தொட்ட, கடந்த 3,934 பேரின் கண்களை சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வுக் குழு ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பரிசோதித்தது. எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வதோடு முடிந்துவிடும் பரிசோதனை அல்ல அது. கண்ணின் அழுத்தம், கருவிழியின் தடிமன், கண்ணுக்குள் நீர் வடியும் கோணம், பார்வை நரம்பின் தோற்றம், பக்கப் பார்வை என எல்லாவற்றையும் அளந்தார்கள். டாக்டர் லிங்கம் விஜயா, டாக்டர் ரோனி ஜார்ஜ் குழுவினரின் இந்த ‘சென்னை கிளாக்கோமா ஆய்வு’ 2005-ல் வெளியானது. அதில் இருந்த ஒரு விவரம் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. 64 பேருக்குத் திறந்த கோண கிளாக்கோமா இருந்தது. அவர்களில் 63 பேருக்கு, அந்த நாற்காலியில் வந்து உட்காரும்வரை, தங்களுக்கு அப்படியொரு நோய் இருப்பதே தெரியாது.

கிராமம்தானே, வசதி குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே குழு சென்னை நகருக்குள் 3,850 பேரைப் பார்த்தது. 135 பேருக்கு நோய். 127 பேருக்கு அது புதுச் செய்தி. பெரிய கண் மருத்துவமனைகளுக்கு ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய ஊரில் இதுதான் நிலவரம்.

மீஞ்சூர் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் கிடக்கிற ஊர். மாவட்டம் திருவள்ளூர், பிழைப்பு வடசென்னையோடு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில், வண்டலூரிலிருந்து வந்து சேரும் வெளிவட்டச் சாலை, அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. இரவு பகல் பாராமல் கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலைகள். ஷிஃப்ட் முடித்து வருகிறவர், லாரி ஓட்டுகிறவர், வலையும் வயலும் விட்டு கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவர் என்று நாற்பதைத் தாண்டிய ஆண், பெண் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பி.பி. பார்த்திருப்பார்கள். ஷுகர் பார்த்திருப்பார்கள். பேப்பர் படிக்கச் சிரமமாக இருந்தால் பவர் கண்ணாடி வாங்கியிருப்பார்கள். பார்வை நரம்பை யாராவது பார்த்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. ஊருக்குள் வரும் கண் கேம்ப் கண்புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்து ஆபரேஷனுக்கு அழைத்துப் போவதற்காக நடப்பது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. புரையினால் போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியும். கிளாக்கோமாவில் போனது போனதுதான்.

இந்தியாவில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 1.12 கோடி பேருக்கு கிளாக்கோமா இருக்கும் என்று ரோனி ஜார்ஜும் சக ஆய்வாளர்களும் 2010-ல் மதிப்பிட்டார்கள். அத்தனை பேரையும் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது? ஊர் முழுக்க எல்லோரையும் பரிசோதிக்கப் பணமும் கிடையாது, மருத்துவர்களும் கிடையாது. ஆனால் ஒரு வழி நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. இந்த நோய் ரத்த சொந்தத்தில் வருகிறது. 64 பேருக்கும் 135 பேருக்கும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருக்கிறார்கள். தேடலை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கண்ணுக்குள் ஒரு முகத்துவாரம்

கிளாக்கோமாவை ஊரில் ‘கண் பிரஷர்’ என்றுதான் சொல்வார்கள். பி.பி.க்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரக்கிறது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் ரத்தக்குழாய் கிடையாது என்பதால் அவற்றுக்கு உணவு கொடுப்பதே இந்த நீர்தான். சுரந்த அளவுக்கு வடிந்துவிட வேண்டும். கருவிழியும் (கார்னியா) கருவளையமும் (ஐரிஸ்) சந்திக்கும் கோணத்தில் நுண்ணிய சல்லடை போன்ற திசு இருக்கிறது. அதன் வழியாக நீர் வெளியேறி ரத்தத்தில் கலக்கிறது. எண்ணூர் முகத்துவாரம் மணல் மூடினால் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக முடியாமல் கழிமுகத்திலேயே தேங்கி ஏறுவதை இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணிலும் நடப்பது அதுதான். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும்.

ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறம், பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் இறங்குகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் ஒன்றாகச் சேர்ந்து மூளைக்குப் புறப்படும் இடம் அது. விழித்திரையில் அந்த இடம் ஒரு வட்டத் தட்டாகத் தெரியும். தட்டின் நடுவே சிறு குழி. இழைகள் சாகச் சாகக் குழி அகலமாகிறது. தட்டின் உயரத்தில் குழி எவ்வளவு என்பதை மருத்துவர் ஒரு விகிதமாக எழுதுவார். ஓ.பி. சீட்டில் 0.3, 0.7 என்று கிறுக்கலாக ஓர் எண் இருந்தால் பெரும்பாலும் அதுதான் இது.

வலி இல்லை. சிவப்பு இல்லை. நடுப் பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். பக்கவாட்டில்தான் முதலில் குறையும். அதையும் ஒரு கண் விட்டதை இன்னொரு கண் எடுத்துக்கொண்டு, மீதியை மூளை தானாக நிரப்பிக்கொண்டு மறைத்துவிடும். கறுப்பாக ஒரு திட்டு தெரியும் என்று எதிர்பார்க்கிறவர் ஏமாந்துபோவார். அங்கே எதுவுமே தெரியாது, தெரியாததும் தெரியாது. கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிட்டு, இடப்பக்கம் வரும் சைக்கிளைத் தவறவிடக்கூடும். ‘கண்ணு நல்லாத்தான் தெரியுது’ என்று அவர் சொல்வது பொய்யே அல்ல.

அழுத்தம் மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. 21 புள்ளி (மி.மீ. பாதரச அளவு) வரை இயல்பு என்பது பொதுக் கணக்கு. ஆனால் சென்னை ஆய்வில் திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அளந்தபோது அழுத்தம் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. காற்றை ஊதி அளக்கும் மெஷின் ‘நார்மல்’ என்று காட்டியதை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் இந்தக் கணக்கில் நிறையப் பேர் இருப்பார்கள்.

எது வழிவழியாக வருகிறது?

கிளாக்கோமா என்ற நோயை அப்படியே தூக்கி அப்பா மகனுக்குக் கொடுப்பதில்லை. நோய்க்கு இட்டுச்செல்லும் கூறுகள்தான் தனித்தனியாக இறங்குகின்றன: கருவிழியின் தடிமன், கண்ணின் அழுத்தம், நரம்புத் தட்டின் அளவு, குழியின் அளவு, கோணத்தின் அகலம். ஒவ்வொன்றிலும் மரபணுவின் பங்கு வேறு வேறு.

இதை அளக்க உதவியவர்கள் இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதி. இரண்டு வகையினரிலும் ஒரு கூறு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் மரபணுவின் கை எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரட்டையர் ஆய்வுகளும் பல நாட்டுக் குடும்ப ஆய்வுகளும் சேர்ந்து சொல்வது இது: கருவிழித் தடிமனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 80 சதவீதமோ அதற்கும் மேலோ மரபணுவால் வருவது. குழியின் விகிதத்தில் பாதிக்குச் சற்று மேல். அழுத்தத்தில் கிட்டத்தட்ட பாதி.

இந்த எண்களைத் தவறாகப் படித்துவிடக்கூடாது. அழுத்தத்தில் பாதி மரபு என்றால், உங்கள் கண்ணின் 16 புள்ளி அழுத்தத்தில் 8 அம்மா கொடுத்தது என்று பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவருக்கு 12, இன்னொருவருக்கு 20 என்று இருக்கிறதே, அந்த வித்தியாசத்துக்கான காரணங்களில் மரபணு பாதி. மீதியில் வயது, உடல்நிலை, மருந்து, வாழும் விதம் எல்லாம் உண்டு. இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சென்னை ஆய்வில் கிராமத்தில் திறந்த கோண கிளாக்கோமா 1.62 சதவீதம், நகரத்தில் 3.51. ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத் தூரத்துக்குள் மக்களின் மரபணு அப்படியொன்றும் மாறிவிடாது. நகர வாழ்க்கையில் வேறு ஏதோ சேர்ந்துதான் கணக்கை இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும். ஒரு தலைமுறைக்குள் வயலிலிருந்து ஆலைக்கு மாறிய மீஞ்சூர், அதைச் சுற்றியுள்ள ஊர்கள் இதில் எந்தக் கணக்கை நோக்கிப் போகின்றன என்று ஊகிப்பது கடினமல்ல.

கருவிழித் தடிமனை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அழுத்தம் அளக்கும் கோல்ட்மன் கருவி, கருவிழி சுமார் 520 மைக்ரான் தடிமன் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. சென்னை ஆய்வில் நம் மக்களின் சராசரி அதைவிடக் குறைவு, சுமார் 510. நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கு இன்னும் மெல்லியது. ஐரோப்பியருக்கு 540-க்கு மேல். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி லேசாக அழுத்தினாலே அது தட்டையாகிவிடும். உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவான எண்ணே வரும். 18 என்று வந்தவருக்கு உள்ளே 20-க்கு மேல் இருக்கலாம். ஆக, குடும்பத்தில் மிக உறுதியாகக் கைமாறும் கூறே கருவியை ஏமாற்றும் கூறாகவும் இருக்கிறது. அக்காவுக்கு மெல்லிய கருவிழி என்று தெரிந்தால் தங்கையின் ‘நார்மல்’ அழுத்தத்தை மருத்துவர் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். மெல்லிய கருவிழியே நரம்பைக் கெடுக்கிறதா என்றால், அண்மைக்கால மரபணு ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அளவைப் பிழையாகக் காட்டி ஆபத்தை மறைப்பதில்தான் அதன் பங்கு பெரிது என்றே தோன்றுகிறது.

நோயாக எடுத்துக்கொண்டால் உடன்பிறப்புதான் முதல் வரிசை. அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்வில், உடன்பிறந்தவருக்கு கிளாக்கோமா இருந்தால் ஆபத்து சுமார் 3.7 மடங்கு; பெற்றோருக்கு இருந்தால் 2.2 மடங்கு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் நோயாளிகளின் உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் தேடிப்போய்ப் பரிசோதித்தார்கள். அவர்களுக்கு வாழ்நாளில் நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம். நோயில்லாத குடும்பங்களில் அது 2.3 தான்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நம் ஊரில் மருத்துவர் ‘வீட்டில் யாருக்காவது கண் பிரஷர் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லைங்க’ என்று பதில் வரும். 64 பேரில் 63 பேருக்குத் தெரியாது என்றால், அந்த 63 பேரின் பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனது வயதின் கோளாறு என்றே வீட்டில் பதிந்திருக்கும். அதனால் சந்தேகத்தோடு வருகிறவரிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்பது மட்டும் உதவாது. நோய் உறுதியானவரிடமிருந்து குடும்பத்தை நோக்கிப் போக வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பலன் அடியோடு வேறு.

புதுச்சேரி சொன்ன கணக்கு

இதுவரை பேசியது திறந்த கோண வகை. மூடிய கோண வகையில் வடிகால் கெட்டுப்போவதில்லை. வாசலே குறுகலாகி கருவளையம் வந்து மூடிக்கொள்கிறது. கண் சிறியதாக, முன்னறை ஆழம் குறைந்ததாக இருப்பவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு, ஆசியர்களுக்கு இது அதிகம். கண்ணின் அமைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் குடும்பத்தில் இன்னும் அழுத்தமாக இறங்குகிறது. இருட்டில் கருமணி விரியும்போது திடீரென முழுக்க மூடிக்கொண்டால் பயங்கரத் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் எல்லாம் வரும். அதைப் பித்தம் என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் எடுத்துக்கொண்டு மாத்திரை போட்டுப் படுத்துவிடுவது நடக்கிறது. பலருக்கு அந்த எச்சரிக்கைகூட இல்லாமல் மெல்ல மெல்ல மூடும்.

புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று, தென்னிந்திய நோயாளிகளின் உடன்பிறப்புகளை வரவழைத்துப் பார்த்தது. கோணம் மூடியிருந்தவர்களின் உடன்பிறப்புகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் அதே பிரச்னை. திறந்த கோணம் உள்ளவர்களின் உடன்பிறப்புகளில் அது நூற்றுக்கு நான்கு பேர் அளவுதான். மூன்றில் ஒருவர்! ஓர் அம்மாவுக்கு மூடிய கோணம் என்று தெரிந்தால், அவருடைய அக்கா தங்கைகளை அந்த வாரமே அழைத்து வராமல் இருப்பதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. கண்ணில் ஒரு சிறு லென்ஸை வைத்துக் கோணத்தைப் பார்க்கும் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள்தான். தேவைப்பட்டால் லேசரால் கருவளையத்தில் பொட்டு அளவுத் துளை போட்டு நீருக்கு வேறு வழி விடலாம். அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

இந்த வகைக்கான மரபணு இடங்களை முதன்முதலில் 2012-ல் கண்டுபிடித்த பன்னாட்டு ஆய்வில் இந்திய நோயாளிகளின் ரத்த மாதிரிகளும் உண்டு. மூன்று இடங்கள் கிடைத்தன. 2016-ல் மேலும் ஐந்து.

மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து

மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் கண் அரிப்பு என்பது அன்றாடம். தூசி, நிலக்கரித் துகள், சாம்பல், லாரிப் புகை. கண் சிவந்து அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு சொட்டு மருந்து குடுங்க’ என்று கேட்டு வாங்கிப் போடுகிறோம். பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் ஒரே நாளில் அரிப்பு அடங்கிவிடும். அதனால்தான் அடுத்த முறையும் அதே பாட்டிலைக் கேட்கிறோம். பிள்ளைகளுக்கும் போடுகிறோம்.

வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். எல்லோருக்கும் ஏறாது. 1960-களில் நடந்த ஆய்வுகளிலேயே, மூன்றில் ஒருவருக்கு ஓரளவும், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் கடுமையாகவும் ஏறுவது தெரிந்துவிட்டது. கிளாக்கோமா உள்ளவர்களுக்கும் அவர்களுடைய ரத்த உறவினருக்கும் இது இன்னும் அதிகம். ஸ்டீராய்டுக்குக் கண் எப்படி எதிர்வினை செய்யும் என்பதுவும் குடும்பத்தில் வருகிற ஒன்று.

கிளாக்கோமா மரபணு ஆய்வின் முதல் பெரிய கண்டுபிடிப்பும் இந்த வாசல் வழியாகத்தான் வந்தது. வடிகால் திசுவின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து ஸ்டீராய்டு கொடுத்தபோது அவை ஒரு புரதத்தைக் குவியல் குவியலாகத் தயாரித்தன. பிறகு 1997-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வின் ஸ்டோன் குழு, சிறு வயதிலேயே கிளாக்கோமா வரும் குடும்பங்களில் பிழையாகியிருந்த மரபணுவைக் கண்டறிந்தபோது, அது அதே புரதத்துக்கான மரபணுவாக இருந்தது. இன்று அதை மயோசிலின் என்கிறோம். அதில் பிழை இருந்தால் புரதம் ஒழுங்காக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கி, வடிகால் செல்களைக் கொல்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மதுரை அரவிந்த் ஆய்வு நிறுவனமும் சென்னை சங்கர நேத்ராலயாவும் நம் நோயாளிகளிடம் இந்தப் பிழையைத் தேடின. நூற்றுக்கு ஓரிருவரிடம்தான் கிடைத்தது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ரத்தப் பரிசோதனையில் ஒரே மரபணுவைப் பார்த்து ‘உனக்கு வரும், உனக்கு வராது’ என்று சொல்லிவிட முடியும் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. மீதி 98 பேரின் நோய் ஒரே பிழையிலிருந்து வரவில்லை. சின்னச் சின்ன வேறுபாடுகள் பல ஒன்றுகூடி வருகிறது. 2021-ல் ஐரோப்பிய, ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்து நடந்த ஆய்வு அப்படி 127 இடங்களைப் பட்டியலிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது.

அந்தச் சின்ன வேறுபாடுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண்ணாக்கும் முறையும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஜேமி கிரெய்க், ஸ்டூவர்ட் மெக்கிரெகர் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் மிக அதிகமாக இருந்த பத்து சதவீதத்தினருக்கு, மிகக் குறைவாக இருந்த பத்து சதவீதத்தினரைவிட முற்றிய கிளாக்கோமா வரும் ஆபத்து சுமார் 15 மடங்கு. ஆனால் அந்த மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பியரின் மரபணுவிலிருந்து உருவானது. அதைத் தமிழர்களுக்கு அப்படியே போட்டால் அதே துல்லியம் கிடைக்காது. ஜீனோம் இந்தியா திட்டம் பல சமூகங்களைச் சேர்ந்த 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்திருக்கிறது. அதோடு சென்னை, மதுரை ஆய்வுகளில் சேர்ந்திருக்கும் கண் அளவுகளும் இணைந்தால் நமக்கான மதிப்பெண் வரும். அதுவரை உடன்பிறப்பின் ஓ.பி. சீட்டைவிட நல்ல மரபணுப் பரிசோதனை நம்மிடம் இல்லை.

‘எவ்வளவு பெரிய கண்ணு!’

ஒரே மரபணு முழுப் பொறுப்பையும் ஏற்கிற வகை ஒன்றும் நம்மிடையே இருக்கிறது. அது பெரியவர்களுக்கு வருவதல்ல. பிறக்கும்போதே வடிகால் சரியாக உருவாகாத குழந்தை கிளாக்கோமா. சி.ஒய்.பி. 1பி1 என்ற மரபணுவின் கெட்ட பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்து சேர்ந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. தங்களிடம் இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். அத்தை மகனும் மாமன் மகளும், தாய்மாமனும் அக்கா மகளும் திருமணம் செய்யும்போது, ஒரே தாத்தாவிடமிருந்து வந்த அதே பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு ஏறுகிறது. இருவரிடமும் இருந்துவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மேற்கு நாடுகளில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்று சொல்லப்படும் இந்த நோய், ஆந்திரத்தில் 3,300-க்கு ஒன்று என்று கணக்கிடப்பட்டது. சொந்தத்தில் திருமணம் தமிழ்நாட்டிலும் குறைவில்லை.

அடையாளங்கள் மூன்று: குழந்தைக்கு வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும், கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும், கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரியும். பிஞ்சுக் கண்ணின் சுவர் இளகியது. உள்ளே அழுத்தம் ஏறினால் கண்ணே பெரிதாகிவிடும். ‘எவ்வளவு பெரிய கண்ணு!’ என்று நெட்டி முறித்துத் திருஷ்டி கழிக்கிறோம். பெரிய கண்ணோடு கூச்சமும் கண்ணீரும் சேர்ந்திருந்தால் அது அழகு அல்ல, அவசரம். வாரங்களுக்குள் ஆபரேஷன் செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம். இந்த ஒன்றையாவது பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே ஒவ்வொரு தாய்க்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

மரபு என்றால் விதி இல்லை

குடும்பத்தில் இருக்கிறது என்று கேட்டதும் சிலர் பயந்து விலகிவிடுகிறார்கள். ‘வர்றது வரட்டும்’ என்ற பேச்சு வருகிறது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடக்கூடாது என்று மறைப்பதும் உண்டு. மறைத்தால் இழப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளின் பார்வையைத்தான். ஆபத்து பிறவியிலேயே இருக்கலாம். பார்வை போவது கவனிக்காமல் விட்டால்தான். அழுத்தம் ஒரு புள்ளி குறைந்தால் நோய் முற்றும் ஆபத்து சுமார் பத்து சதவீதம் குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த சிகிச்சை ஆய்வு காட்டியது. அழுத்தம் மட்டும் அதிகம், நரம்பு இன்னும் கெடவில்லை என்ற நிலையில் இருந்த 1,600-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சொட்டு மருந்து போடாதவர்களில் ஐந்தாண்டுக்குள் 9.5 சதவீதத்தினருக்கு நோய் வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம். ஆபத்தைச் சுமக்கும் மரபணு அப்படியே இருக்க, பார்வையும் அப்படியே இருக்கச் செய்ய முடிகிறது.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் நம் நகரத்துக்கு ஒரு பங்கு உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது; உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909-ல், கண்ணின் வெள்ளைப் பகுதியின் ஓரத்தில் வட்டமாகத் துளையிட்டு நீரை வடியவிடும் அறுவையை உருவாக்கினார். மதராஸ் நோயாளிகளின் கண்களில் செய்து பார்த்துச் செம்மைப்படுத்திய அந்த முறை ‘எலியட் ஆபரேஷன்’ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் செய்யப்பட்டது. இன்றைய அறுவை முறைகள் அதன் வழியில் வந்தவை.

சொட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் போட்டும் பிரஷர் இறங்காததற்கு, மருந்து கண்ணுக்குள் போகாததே பலருக்குக் காரணம். தலையை அண்ணாந்து, கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மருந்து மூக்கு வழியே இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். டிமோலால் சேர்ந்த மருந்தென்றால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுத் திணறலைக் கொண்டுவரக்கூடும். புகைக்கு நடுவே இழுப்போடு வாழ்கிறவர்கள் நிறைந்த வட்டாரம் இது. ஆஸ்துமா இருப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சீட்டில் இன்னும் நான்கு வரி

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி., ஷுகர் பார்க்கிறது, மாத்திரையும் தருகிறது. அந்தப் பணியாளர்கள் கையில் கண் அழுத்தக் கருவியைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அழுத்தம் மட்டும் அளந்தால் பாதிக்கு மேல் தவறிவிடும் என்று மேலே பார்த்தோம். கேட்பது இதுதான்: கண் மருத்துவமனையில் ஒருவருக்கு கிளாக்கோமா என்று எழுதும்போது, அதே சீட்டில் உடன்பிறந்தவர்களின் பெயர், ஊர், வயது என நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் அந்தந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். வீட்டுக்கு வருகிற பணியாளர் ‘உங்க அண்ணனுக்குக் கண் பிரஷர், நீங்களும் ஒருமுறை பாத்துடுங்க’ என்று சொல்லட்டும். புதிய கருவி வேண்டாம், மரபணு ஆய்வகம் வேண்டாம். ஒரு பேச்சுக்கு, மீஞ்சூரில் ஒருவருக்கு நோய் உறுதியானால் திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலை செய்யும் தம்பிக்கும் அடுத்த மாதத்துக்குள் செய்தி போய்விடும்.

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்குக் கண் பிரஷர் என்றால் நாற்பது வயதை நெருங்கிய உடன்பிறப்புகள் உடனே பார்க்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். நோயாளிக்கு இளவயதிலேயே வந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் நாற்பதுவரை காத்திருக்கக் கூடாது. கண்ணாடிக் கடைப் பரிசோதனையோடு நிற்காமல், அழுத்தம், கருவிழித் தடிமன், கோணம், பார்வை நரம்பு இந்த நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எழுதுவார்கள். மீஞ்சூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கம்தான், ஓ.பி.யில் காலையிலேயே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. போகும்போது அண்ணனுடைய சீட்டை, இல்லையென்றால் அதன் செல்போன் படத்தையாவது எடுத்துப் போங்கள். அவருக்குத் திறந்த கோணமா மூடிய கோணமா, கருவிழி எத்தனை மைக்ரான், எந்த வயதில் தெரியவந்தது என்பதை உங்கள் மருத்துவர் முதலில் அதில்தான் பார்ப்பார்.